பிள்ளையார் சுழிக்கு விட்ட இடம்

“தானா மாறிடுச்சு மேடம்.”

இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று ஏறும். ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறேன், அப்படியும் ஏறும். போன வாரம் உங்களில் ஒருத்தி போனில் புலம்பினாள். “அக்கா, எல்லா ஷீட்லயும் ஹெட்டர் மாறிப் போச்சு. கேட்டா யாருமே தொடலங்கறாங்க. யாரு பண்ணதுன்னு கண்டுபிடிச்சே ஆகணும்னு மேனேஜர் குதிக்கிறாரு.” நான் ஒன்றுதான் கேட்டேன்: “மாறின பேப்பரைப் பார்த்தியாடி?” பார்க்கவில்லையாம். என்ன நடந்தது என்று பார்ப்பதற்கு முன்னாலேயே யார் என்று தேடக் கிளம்பிவிட்டாள். நன்றாகத் திட்டிவிட்டுப் போனை வைத்தேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. அவளுக்காகவும், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்காகவும் இதை எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் தாம்பரத்தைச் சுற்றி கம்ப்யூட்டர் வாங்கிய சின்னக் கம்பெனிகளுக்கு நான்தான் வைத்தியச்சி. பல்லாவரத்திலிருந்து பொத்தேரி வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டில் என் மொபெட் நுழையாத சந்து கிடையாது. அன்றைக்குப் பாதி முதலாளிகள் கம்ப்யூட்டரை வாங்கியதே பக்கத்துக் கம்பெனிக்காரன் வாங்கிவிட்டான் என்பதற்காகத்தான். வாங்கி, உறை போட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் பூ வைத்து, என்ன செய்வதென்று தெரியாமல் என்னைக் கூப்பிடுவார்கள்.

அப்படிப்பட்ட முதலாளிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஏகாம்பரம் அண்ணா. கடப்பேரிப் பக்கம் பட்டறை வைத்திருந்தார். பெரிய கட்டடங்களில் ஏ.சி. காற்று போவதற்கு டக்ட் என்று தகரக் குழாய் செய்வார்களே, அந்தப் பட்டறை. அவர் அப்பா காலத்தில் அந்த இடமே அவர்களுடைய நெல் வயலாம். இவர் தகரம் வெட்டினார். வாயைத் திறந்தால் பட்டறையே அதிரும், கோபம் வந்தால் கண் தெரியாது. ஆனால் நான் போய் இறங்கியதும் முதல் வார்த்தை “சாப்ட்டியாம்மா?” என்றுதான் வரும். சாப்பிட்டாச்சு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவர் மனைவி ராணி அண்ணி தட்டோடு வந்துவிடுவார்.

அந்தப் பட்டறையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவள் மஞ்சுளா. திருநீர்மலை அடிவாரத்து வீடு. பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்துவிட்டு வந்தவள். அப்பா இல்லை. அவள் சம்பளத்தில்தான் வீடு பாதி ஓடியது, அண்ணன் சம்பளத்தில் மீதி. ஒவ்வொரு வாடிக்கைக் கம்பெனிக்கும் தரும் கொட்டேஷனை, அதாவது விலை மதிப்பீட்டை, ஒரே ஃபைலில் ஆளுக்கொரு ஷீட்டாக வைத்திருந்தாள். யாருக்குப் போகிறதோ அந்தக் கம்பெனியின் பெயர் ஹெட்டரில் இருக்கும். ஹெட்டரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வேலை செய்யும்போது திரையில் தெரியாது. பேப்பரில் அச்சாகும்போதுதான் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வந்து உட்காரும்.

அண்ணாவுக்கு ஒரு பழக்கம். எந்தக் கொட்டேஷனும் பட்டறையை விட்டு வெளியே போவதற்கு முன்னால், பக்கத்துக்குப் பக்கம் உச்சியில் தன் கையால் பேனாவில் ஒரு பிள்ளையார் சுழி போடுவார், நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவார். ஏ.சி. கம்பெனி இன்ஜினீயர்கள் சிரிப்பார்களே என்றால், “சிரிக்கட்டுமே, ஆர்டர் வந்துகினு தானே கீது?” என்பார். வந்துகொண்டுதான் இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த வாரம். காலையில் அவரிடமிருந்து போன்.

“சீலிம்மா, உடனே கெளம்பி வா. கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு மாத்தணும்.”

“என்ன அவசரம் அண்ணா?”

“அந்தப் பொண்ணு இனிமே உள்ள வரக்கூடாது. துரோகி. நீ வா, சொல்றேன்.”

மஞ்சுளாவைத் துரோகி என்றால் அதற்கு முன்னால் என்னைச் சொல்லலாம். மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

பட்டறையில் தகரம் வெட்டும் சத்தம்கூட இல்லை. கம்ப்யூட்டர் நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தது. அண்ணா குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். நடந்ததை அவர் கத்தியதிலிருந்து நான் பிரித்தெடுத்துக்கொண்டது இதுதான். கிண்டியில் ஒரு ஏ.சி. கம்பெனி, அவருடைய பெரிய வாடிக்கை. அண்ணா நகரில் இன்னொன்று. இரண்டுக்கும் ஜென்மப் பகை. முந்தாநாள் கிண்டிக்கு ஒரு கொட்டேஷன் போயிருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் தலையில் அண்ணா நகர்க்காரன் பெயர்.

“பர்ச்சேஸ் மேனேஜர் போன்ல கிழிகிழின்னு கிழிச்சிட்டாம்மா. அவனுக்குக் குடுத்த ரேட்ட எனக்குக் காட்டுற, அப்ப என் ரேட்ட அவனுக்குக் காட்டுவியான்னு கேக்குறான். இன்னா பதில் சொல்றது? நாலு மணிக்கு நேர்ல வரணுமாம். இல்லாங்காட்டி கணக்க முடிச்சிக்கலாம்ன்றான்.”

“சரி, இதுல மஞ்சுளா எங்க வந்தா?”

“அவ அண்ணன் போன மாசம் எங்க வேலைக்குச் சேந்தான் தெரியுமா? அண்ணா நகர்க்காரன்கிட்ட! இங்க கீற ரேட்டெல்லாம் அங்க போவுது. அவன் பேர்ல அடிச்சு எடுக்கும்போது மாறிப் போயி கிண்டிக்கு வந்துகீது. நேத்து சாயங்காலமே வூட்டுக்கு அனுப்பிட்டேன்.”

“அவ என்ன சொன்னா?”

“இன்னா சொல்லுவா? தானா மாறிடுச்சு சார்ன்றா. தானா மாறுமா?”

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் சொன்னதில் ஓட்டையே தெரியவில்லை. அண்ணன் வேலைக்குச் சேர்ந்தது நிஜம். கொட்டேஷனை அச்சடித்தது அவள்தான், அதுவும் நிஜம். முதலாளி உத்தரவு போடுகிறார், மாதாமாதம் எனக்குக் காசு கொடுப்பவர் அவர். பாஸ்வேர்டை மாற்றுவது அரை நிமிஷ வேலை. மாற்றியிருந்தால் மஞ்சுளா திருடி என்பதற்கு நானும் ஒரு கையெழுத்துப் போட்டது மாதிரி ஆகியிருக்கும். அப்புறம் உண்மை தெரிந்தாலும் அந்தப் பெயர் லேசில் போகாது. தாம்பரத்தில் ஒரு பட்டறையில் துரத்திவிட்ட பெண்ணுக்கு இன்னொரு பட்டறையில் வேலை கிடைக்காது.

“மாத்தறேன் அண்ணா. முதல்ல அந்தப் பேப்பரைக் காட்டுங்க.”

“பேப்பர்ல இன்னா கீது? நீ மாத்தும்மா!”

“காட்டுங்கன்னா காட்டுங்க. இல்லன்னா வேற ஆளைப் பாருங்க.” எனக்கும் கோபம் வரும், தெரியுமில்லையா?

முறைத்தார். மேஜை டிராயரிலிருந்து எடுத்துப் போட்டார். கிண்டிக்காரர்கள் திருப்பி அனுப்பிய அதே கொட்டேஷன். மூலைகளில் மஞ்சள். உச்சியில் தாராளமாக ஒரு பிள்ளையார் சுழி. அதற்கு ஒரு விரல் கீழே, தடித்த எழுத்தில் அண்ணா நகர்க் கம்பெனியின் பெயர். சுழி போட்டவர் கண்ணில் அந்தப் பெயர் படவே இல்லை. பிரிண்டரிலிருந்து சுடச்சுடக் கிழித்து, சுழி போட்டு, ஆள் கையில் கொடுத்து அனுப்பியவர் சாட்சாத் அண்ணாவேதான். அதைக் கேட்டிருக்கலாம். கேட்டால் சண்டை வருமே தவிர விஷயம் வராது என்று வாயை மூடிக்கொண்டேன்.

வெகுநேரம் பார்த்தேன். ஏதோ சரியில்லை. என்னவென்று பிடிபடவில்லை.

அந்த நேரம் ராணி அண்ணி வந்தார். இரண்டு கையிலும் இரண்டு பொட்டலம். “பூஜைப் பொரி இன்னும் மீந்து கெடக்குது. சாப்பிடு சீலி. அவர் கத்துனா கத்திகினே தான் இருப்பாரு.” குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அந்தப் பொண்ணு செஞ்சிருக்காதும்மா. என் மனசு சொல்லுது.”

பொட்டலம் மடித்திருந்தது பட்டறையின் பழைய பிரிண்ட் பேப்பரில். ஓரத்தில் வரிசையாகத் துளை போட்ட அந்தக் காலத்து பேப்பர். பொரியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தேன். அப்படியே நின்றுவிட்டேன். அதே கிண்டி கொட்டேஷன், பழைய விலையோடு. தலையில் கிண்டிக் கம்பெனியின் பெயர், சரியாக.

“அண்ணி, இதை எப்ப மடிச்சீங்க?”

“ஆயுத பூஜைக்கு மொத நாளு. ரேட்டு மாறுது, இது வேணாம்னு மஞ்சுளா தான் குடுத்துச்சு. குடுத்துட்டு லீவுல போச்சு. முந்தாநாளு தான் திரும்பி வந்துச்சு.”

ஆக, அவள் லீவில் போகும்போது பெயர் சரியாக இருந்திருக்கிறது. திரும்பி வந்து விலையை மட்டும் மாற்றி அச்சடித்திருக்கிறாள். நடுவில்தான் ஏதோ நடந்திருக்கிறது. எண்ணெய்க் கறையோடு இருந்த அந்தப் பொட்டலத்தை மேஜையில் நீவி வைத்து, திரும்பி வந்த கொட்டேஷனை அதன் பக்கத்தில் வைத்தேன். அப்போதுதான் கண்ணை உறுத்தியது எதுவென்று தெரிந்தது. பழைய பேப்பரில் ஹெட்டர் உச்சியோடு ஒட்டியிருந்தது. அதற்கு மேலே சுழி போட வேண்டுமென்றால் எறும்பு அளவுக்குத்தான் போட முடியும். புதிய பேப்பரில் ஹெட்டர் கீழே இறங்கி, மேலே நல்ல இடம் விட்டிருந்தது. பிள்ளையார் சுழி காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

அந்த இடம் யாருக்கு வேண்டும்? மஞ்சுளாவுக்கு எதற்கு?

“அண்ணா, விஜயதசமி அன்னிக்கு இந்த மெஷினை யார் முதல்ல தொட்டாங்க?”

“நான் தான். வருஷா வருஷம் மொத கீய நான் தானே தட்டுவேன்? கற்பூரம் காட்டிட்டு உக்காந்தேன். நல்ல நாளுன்னு ஒரு நல்ல வேலை செஞ்சேன்.”

“என்ன வேலை?”

“ஹெட்டர்லாம் நான் தொடவே இல்லம்மா! சாமி சத்தியமா. மேல மார்ஜின் தான் கொஞ்சம் ஜாஸ்தி வெச்சேன். புள்ளையாருக்கு எடமே இல்ல, நெருக்கிகினு குந்திகினு இருந்தாரு.”

அவர் சொன்னது பொய்யே இல்லை. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். “தொடவே இல்லை” என்று சொல்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நிஜத்தைத்தான் சொல்கிறார்கள். வேறு எதையோ தொட்டிருப்பார்கள், இது கூடவே போயிருக்கும்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கிய அந்த நிமிஷம்தான் இருப்பதிலேயே கஷ்டமான நிமிஷம். வாசலில் பட்டறை ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்தில் மனைவி. எதிரில் பெரிய ரோஷக்காரர். “மெஷின் கோளாறு அண்ணா, சரி பண்ணிட்டேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் மானம் பிழைக்கும், என் வாடிக்கை பிழைக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் மெஷின் கோளாறு என்று சொன்னால் கிண்டிக்காரன் நம்ப மாட்டான். பட்டறையும் முழுசாக நம்பாது. “என்னமோ நடந்துச்சுப்பா” என்று இழுத்துக்கொண்டே இருப்பார்கள். அந்த இழுப்பு மஞ்சுளா கழுத்தில்தான் சுற்றும். எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். ராணி அண்ணியையும் ஒரு காபி கேட்டு அனுப்பினேன். அவர் புரிந்துகொண்டு போனார்.

மஞ்சுளா லீவுக்கு முன்னால் அந்த ஃபைலை நகல் எடுத்து வைத்த ஃப்ளாப்பி, பூஜையில் வைத்த சாமான்களோடு இருந்தது. லேபிள் மேலே சந்தனப் பொட்டு. நல்லவேளை, உள்ளே போகவில்லை. அந்த ஃபைலை வேறு பெயரில் ஏற்றித் திறந்தேன். ஒவ்வொரு ஷீட்டாக அச்சுக்கு முந்தைய தோற்றத்தில் காட்டினேன். கிண்டியில் கிண்டி, அண்ணா நகரில் அண்ணா நகர், எல்லாம் அதனதன் இடத்தில். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தேன்.

“உக்காருங்க அண்ணா. இது நகல்தான், பயப்படாதீங்க. அன்னிக்கு என்ன பண்ணீங்களோ அதையே பண்ணுங்க. வாயால சொல்லாதீங்க, கையால பண்ணிக் காட்டுங்க.”

உட்கார்ந்தார். தகரம் வெட்டிக் காய்ப்புக் காய்த்த விரல்கள். முதல் ஷீட்டைத் தட்டினார். அது அண்ணா நகர்க் கம்பெனியுடையது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு கடைசி ஷீட்டைத் தட்டினார். எல்லா ஷீட்டும் மொத்தமாகத் தேர்வாகிவிட்டன. ஒரே மூச்சில் அச்சடிப்பதற்காக மஞ்சுளாவே அவருக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை அது. பக்க அமைப்பைத் திறந்தார், மேலே மார்ஜினை ஏற்றினார், ஓகே கொடுத்தார். “அவ்ளோ தான். இன்னா தப்பு?” என்று என்னைப் பார்த்தார்.

“இப்ப கிண்டி ஷீட்டைக் காட்டுங்க.”

காட்டினார். தலையில் அண்ணா நகர்க் கம்பெனியின் பெயர். அடுத்த ஷீட்டைத் தட்டினார், அதிலும் அதே பெயர். அதற்கடுத்ததிலும் அதே. ஷீட்டுகள் மொத்தமாகச் சேர்ந்திருக்கும்போது ஓகே கொடுத்தால், மார்ஜின் மட்டும் தனியாகப் போகாது. முதல் ஷீட்டின் ஹெட்டரும் கூடவே எல்லாவற்றிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். திரையில் ஒன்றும் தெரியாது.

அண்ணா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் தானா?” என்றார்.

“நீங்கதான் அண்ணா.”

“அந்தப் பொண்ணு நேத்து எங்கிட்ட ஒரு வார்த்தை எதுத்துப் பேசலம்மா. டிபன் பாக்ஸ எடுத்துகினு போயிடுச்சு.” கண்ணைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். நாலு மணிக்குக் கிண்டி என்று ஞாபகப்படுத்தினேன்.

“கிண்டி கெடக்கட்டும். மொதல்ல திருநீர்மலை. நீயும் வா.” கதவைத் திறந்தார். வாசலில் நின்ற ஆட்களைப் பார்த்து, பழைய குரலிலேயே சொன்னார்: “டேய், எல்லாரும் கேட்டுக்கங்கடா. தப்பு பண்ணது நான். மஞ்சுளா இல்ல.”

பட்டறை வேனில் போனோம். மஞ்சுளா வீட்டு வாசலில் அவள் அண்ணன் செந்தில் நின்றிருந்தான். தங்கை அழுதுகொண்டு வந்ததைப் பார்த்து லீவு போட்டிருக்கிறான். “இன்னாத்துக்கு சார் வந்தீங்க? இன்னும் இன்னா சொல்லணும்?” என்று வாசலை மறித்தான். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து தலைகள் நீண்டன. அண்ணா தெருவிலேயே கைகூப்பினார்.

“தப்பு என்னுது தம்பி. உன் தங்கச்சி மேல அபாண்டமா பழி போட்டுட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்.”

மஞ்சுளா உள்ளேயிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. எனக்குப் பயம், அழுவாளோ, முகத்தில் அடித்த மாதிரி ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று. நான் இரண்டு வரியில் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டாள், அண்ணாவைப் பார்த்தாள், முகம் மாறியது.

“சார்! எல்லா ஷீட்டையும் சேர்த்துட்டு பிரிண்ட்டைத் தவிர வேற எதையும் தொடக்கூடாதுன்னு எத்தனை வாட்டி சொன்னேன்? கேக்கவே மாட்டீங்களா?”

திட்டுகிறாள்! முதலாளியை, நடுத்தெருவில் வைத்து! “மறந்துட்டேம்மா” என்று தலையைச் சொறிந்தார் அவர். செந்திலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு வாசலை விட்டு நகர்ந்தான். திட்டி முடித்த பிறகுதான் மஞ்சுளா அழுதாள், அதுவும் பெரிதாகவே அழுதாள். யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு எங்களோடு வேனில் ஏறினாள்.

கிண்டியில் அந்த பர்ச்சேஸ் மேனேஜர் ஆரம்பத்தில் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அண்ணா ஒரே வரியில், “சார், நான் தான் கெடுத்தேன், இந்தப் பொண்ணு சொல்லும், கேளுங்க” என்று ஒதுங்கிக்கொண்டார். மஞ்சுளா அவர்களுடைய கம்ப்யூட்டரிலேயே, விலையெல்லாம் அழித்த நகல் ஃப்ளாப்பியைப் போட்டு, அவர் கண் எதிரிலேயே ஹெட்டர் மாறுவதைச் செய்து காட்டினாள். மனுஷன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை காட்டச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “ஏம்மா, எங்க ஃபைல்லயும் இப்படி ஆகியிருக்குமா?” மஞ்சுளா, “பிரிண்ட் எடுத்துப் பார்த்தாதான் சார் தெரியும்” என்றாள். மூன்று பேருக்கும் டீ வந்தது. வாடிக்கை போகவில்லை.

இதுதான் விஷயம், பிள்ளைகளா. எந்தப் பட்டனை எப்படி அழுத்துவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பாஸ்வேர்டை மாற்று, அவனைப் பூட்டு, இவளை நீக்கு என்று யாராவது கொதித்துக்கொண்டு வந்தால், பேப்பரைக் கேளுங்கள். சம்பந்தப்பட்டவரைக் கையால் செய்து காட்டச் சொல்லுங்கள். கண்டுபிடித்தது எவ்வளவு சங்கடமானதாக இருந்தாலும் மெஷின் மேல் போட்டுவிட்டு நகராதீர்கள். மெஷினுக்கு மானம் கிடையாது. அங்கே ஒரு மஞ்சுளாவுக்கு இருக்கும்.

அடுத்த வருஷம் விஜயதசமிக்கு ராணி அண்ணி போன் பண்ணி வரச் சொன்னார். போனேன். கற்பூரம் காட்டி முடிந்ததும் எல்லோரும் அண்ணாவைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியைத் துண்டால் தட்டி இழுத்துப் போட்டார்.

“மஞ்சுளா, வந்து குந்து. மொத கீ இனிமே நீ தான் தட்டணும்.”

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். வந்து உட்கார்ந்தாள். விரலை வைப்பதற்கு முன்னால் திரும்பி, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்: “மேல மார்ஜின் கொஞ்சம் ஜாஸ்தி வெக்கட்டுமா சார்? இப்ப ஒவ்வொரு ஷீட்டா நானே பண்ணித் தரேன்.”

அண்ணா அவசரமாகக் கையை ஆட்டினார்.

“வாணாம்மா, வாணாம். புள்ளையாரு ஓரமாவே குந்திக்குவாரு.”